பழைய சிறு மதுவிலக்கு வழக்கை முறையாக முடிப்பது எப்படி: ராமநாதபுரம் கடலோரத்துக்கான முழு வழிகாட்டி

நாலு குவார்ட்டர் பாட்டில் வைத்திருந்ததாக, ரெண்டு மூணு லிட்டர் கள் இறக்கியதாக, பொது இடத்தில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டதாக எப்போதோ போட்ட ஒரு கேஸ், பத்து வருஷம் கழித்தும் கோர்ட்டில் அப்படியே கிடக்கிறது என்றால் இது உங்களுக்காக எழுதியது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடற்கரை ஊர்களில் இப்படி வழக்கு இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். சவுதிக்கோ சிங்கப்பூருக்கோ போக பாஸ்போர்ட் எழுதிப் போடும்போதுதான் தெரிய வருகிறது.

இப்போது நீதிமன்றங்களே பழைய சின்ன வழக்குகளைத் தேடி எடுத்து முடித்து வைக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த அவசரத்தில் "ஃபைன் கட்டினா முடிஞ்சிரும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நேரே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு வழக்கு முடிய நாலைந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்விளைவு வேறு. எந்த வழியில் முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் கூண்டில் ஏற வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான், ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போகாதீர்கள்.

ஒரு எல்லையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷச்சாராயம், மெத்தனால், உயிர்ச்சேதம், வண்டி நிறையப் பெட்டி பெட்டியாகக் கடத்தியது, கஞ்சா, இதற்கெல்லாம் இந்த வழிகாட்டி பொருந்தாது. அவற்றுக்கு வக்கீல் இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள்.

## 1. கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அந்தக் காலத்தில் ஸ்டேஷனில் கொடுத்த ஜாமீன் காகிதம், கைது குறிப்பு, சம்மன் என்று எது வீட்டில் கிடந்தாலும் அது. பழைய துருப்பிடித்த டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைக்கு அடியில் மடித்து வைத்த ஒரு சம்மன் துண்டு கிடைத்தால் போதும், அதிலேயே வழக்கு எண் இருக்கும், ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

அப்புறம், சம்பவம் நடந்த வருஷம், மாதம், எந்த ஸ்டேஷன் போலீஸ் பிடித்தது என்பதை வீட்டில் உட்கார்ந்து யோசித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஊர் ஸ்டேஷன் பிடித்ததா, மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு பிடித்ததா என்பது முக்கியம். ரெண்டும் தனித்தனிப் பதிவேடு. பலர் ஊர் ஸ்டேஷனில் போய்க் கேட்டு "இங்க ஒண்ணும் இல்லை"ன்னு சொன்னதும் நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள். வழக்கு அமலாக்கப் பிரிவில் இருக்கும்.

## 2. வழக்கு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஸ்டேஷனில் போடுவது குற்ற எண். கோர்ட்டில் கோப்பில் எடுத்த பிறகு கிடைப்பது வழக்கு எண், சின்ன வழக்காக இருந்தால் பெரும்பாலும் எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) என்று ஆரம்பிக்கும், இல்லையென்றால் சி.சி. (காலண்டர் கேஸ்). கோர்ட்டில் எதைக் கேட்டாலும் இந்த ரெண்டாவது எண்ணைத்தான் கேட்பார்கள். இது கிடைக்காமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

முதலில் போனிலேயே பாருங்கள். இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் செயலியிலும் மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்துவிட்டு, பெயர் வைத்தோ ஸ்டேஷனும் குற்ற எண்ணும் வைத்தோ தேடலாம். இங்கே எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் பெயர்தான். முனியசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். சீனி என்பதையும் அந்தோணி என்பதையும் அப்படித்தான். முழுப்பெயர் அடிக்காமல் முதல் நாலைந்து எழுத்து மட்டும் அடித்து, வருஷத்தைப் போட்டுத் தேடுங்கள். வரும் பட்டியலில் ஸ்டேஷன் பெயர் பொருந்துவதைத் திறந்து பாருங்கள். அதில் எழுத்தும் எண்ணும் கலந்து பதினாறு இலக்கத்தில் சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும், அதைக் குறித்து வைத்துவிட்டால் பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்த ஒரு எண்ணை வைத்தே பார்க்கலாம்.

ஆன்லைனில் கிடைக்கவில்லை என்றால் வழக்கே இல்லை என்று அர்த்தமில்லை. பழைய வழக்குகள் பல இன்னும் சரியாக ஏறவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் வருஷக்கணக்காக வராவிட்டால், அந்த வழக்கை வழக்கமான பதிவேட்டிலிருந்து எடுத்து நீண்டகால நிலுவை வழக்குப் பதிவேட்டுக்கு மாற்றி, எல்.பி.சி. என்று வேறு எண் கொடுத்துவிடுவார்கள். பழைய எண்ணைப் போட்டால் முடிந்துபோனது மாதிரி காட்டும், அதைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். எப்படி முடிந்தது என்ற இடத்தைப் படியுங்கள்.

நேரில் விசாரிப்பதானால் எந்த கோர்ட் என்று முதலில் தெளிவாகத் தெரிய வேண்டும். ராமேஸ்வரம் தீவு ஸ்டேஷன்களுக்கு ராமேஸ்வரம் கோர்ட், தொண்டி, எஸ்.பி.பட்டினம் பக்கம் என்றால் திருவாடானை. சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்து ஆட்கள் கடலாடியா முதுகுளத்தூரா என்று ஸ்டேஷனிலேயே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். புதிதாகக் கோர்ட் திறக்கும்போது கோப்புகள் இடம் மாறும். ஸ்டேஷனில் கேட்க வேண்டிய ஆள் எஸ்.ஐ. இல்லை, ரைட்டர் அல்லது கோர்ட் டியூட்டி பார்க்கும் போலீஸ்காரர். எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் விரல் நுனியில் இருக்கும். கோர்ட்டில் என்றால் பெஞ்ச் கிளார்க். காலையில் கோர்ட் உட்காரும் நேரத்தில் அவரைக் கேட்டால் பதில் வராது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள்.

## 3. வாரண்ட் இருக்கிறதா என்று பாருங்கள்

இதைப் பார்க்காமல் கோர்ட் வாசலை மிதிக்கக் கூடாது. பழைய வழக்கில் நீங்கள் ரெண்டு மூணு வாய்தாவுக்குப் போகவில்லை என்றால் பிடிவாரண்ட் நிலுவையில் இருக்க வாய்ப்பு அதிகம். சம்மன் வந்தபோது நீங்கள் படகில் இருந்திருப்பீர்கள், வீட்டில் பெரியவர்கள் வாங்கி வைத்து மறந்திருப்பார்கள். கோர்ட்டுக்கு அந்தக் கதை தெரியாது, ஆள் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

வாரண்ட் இருந்தால் முதல் வேலை அதைத் திரும்பப் பெறும் மனு, ரீகால் பெட்டிஷன் என்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 70(2), 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 72(2). ஏன் வரவில்லை என்பதற்கு உண்மையான காரணத்தை எழுதுங்கள். வெளிநாட்டில் இருந்தால் பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரையின் நகல், கடலில் இருந்தால் மீன்துறை டோக்கன் விவரம், ஆஸ்பத்திரியில் இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. காகிதத்தோடு போகும் காரணத்தைத்தான் மாஜிஸ்திரேட் காது கொடுத்துக் கேட்பார்.

மனு போடும் நாளில் நீங்களே நேரில் நிற்க வேண்டும். ஜாமீன்தாரர் ரெண்டு பேரைத் தயாராகக் கூட்டிப் போங்கள், கேட்டால் உடனே நிறுத்தலாம். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள். ஜாமீன்தாரர் காகிதத்தில் ஏதாவது குறை வந்தால் சரிசெய்ய மறுநாள் இருக்காது, சனி ஞாயிறு உள்ளே இருக்கும்படி ஆகலாம். வாரத்தின் ஆரம்பத்தில், காலையில் போங்கள்.

ராமேஸ்வரம் விசைப்படகுக்காரர்கள் கடலுக்குப் போகும் நாள் திங்கள், புதன், சனி என்பதால் செவ்வாய் அல்லது வியாழன் வாய்தா கேளுங்கள், காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலம் இதற்கெல்லாம் நல்ல சமயம். மே மாதம் கோர்ட் விடுமுறை என்று சொல்லி அந்த ரெண்டு மாதத்தையும் வீணடிப்பவர்கள் உண்டு. அந்த விடுமுறை சிவில் பக்கத்துக்குத்தான், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றவியல் வேலை நடக்கும்.

## 4. பிரிவையும் ரெண்டு தேதிகளையும் எழுதிக்கொள்ளுங்கள்

வழக்கு 1937ஆம் வருஷத்து தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில்தான் இருக்கும். ஆனால் எந்தப் பிரிவு என்பதில்தான் எல்லாமே. வெறும் 4(1)(ஏ)யா, அதோடு 4(1-ஏ) சேர்ந்திருக்கிறதா, பொது இடத்தில் போதையில் இருந்ததற்கான 4-ஏ மட்டுமா? ஒரு எழுத்து மாறினால் தண்டனை மாறிவிடும். வாயால் கேட்டு எழுதாதீர்கள், குற்றப்பத்திரிகையைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

கள்ளக்குறிச்சி சம்பவத்துக்குப் பிறகு 2024இல் இந்தச் சட்டத்தில் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். அதைப் படித்துவிட்டுப் பயப்படும் பழைய வழக்குக்காரர்களைப் பார்க்கிறேன். பயம் தேவையில்லை. சம்பவம் நடந்த நாளில் என்ன தண்டனை இருந்ததோ அதற்கு மேல் கொடுக்க முடியாது, அரசியலமைப்பின் 20(1) அதை உறுதி செய்கிறது. எனவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "சம்பவ நாளில் இந்தப் பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனை என்ன?" என்பதுதான்.

அடுத்து ரெண்டு தேதிகள்: சம்பவம் நடந்த தேதி, போலீஸ் குற்றப்பத்திரிகையை கோர்ட்டில் தாக்கல் செய்த தேதி. ரெண்டாவதை முதல் பக்கத்தில் உள்ள கோர்ட் முத்திரையில் பார்க்கலாம். ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு காலம் என்பதைக் கணக்குப் போடுங்கள். அபராதம் மட்டும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு 6 மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு, அதற்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் மூன்றாண்டு, இதுதான் காலவரம்பு. பழைய நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 468, புதியதில் 514. இதைத் தாண்டித் தாக்கல் செய்திருந்தால், தாமதத்தை கோர்ட் மன்னித்த உத்தரவும் இல்லை என்றால், வழக்கின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. கூண்டில் ஏறிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு இதைப் பேசிப் பயனில்லை. அதனால்தான் இந்தப் படியை முன்னால் வைக்கிறேன்.

ஒரு நுணுக்கம். காலவரம்புக்குக் கணக்கு, கோர்ட் வழக்கை ஏற்றுக்கொண்ட தேதி இல்லை, தாக்கல் செய்த தேதிதான். சாரா மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோர்ட்டில் கோப்பு தூங்கிய காலத்தை இதில் சேர்க்காதீர்கள்.

குற்றப்பத்திரிகையே தாக்கல் ஆகவில்லை, எஃப்.ஐ.ஆரோடு நிற்கிறது என்றால் அது வேறு கதை. சம்மன் வழக்கு வகையில் கைதாகி 6 மாதத்துக்குள் போலீஸ் விசாரணை முடியவில்லை என்றால், மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம் என்று மாஜிஸ்திரேட் நிறுத்தலாம். பழைய சட்டத்தில் 167(5). தனிச் சூழ்நிலை, நீதி நலன் என்று காரணம் காட்டி விசாரணை அதிகாரி தொடர அனுமதி வாங்கியிருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## 5. எந்த வழியில் முடிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

அவசரமே கூடாத இடம் இது.

நடவடிக்கையை நிறுத்துவது. பழைய சட்டத்தின் பிரிவு 258, புதியதில் 281. போலீஸ் போட்ட சம்மன் வழக்கை, அதாவது ரெண்டு வருஷத்துக்கு மேல் தண்டனை இல்லாத குற்ற வழக்கை, எந்தக் கட்டத்திலும் காரணத்தை எழுதி வைத்து மாஜிஸ்திரேட் நிறுத்திவிடலாம். பழைய சிறு வழக்குகளை கோர்ட் தானாக முடிக்கும்போது இந்தப் பிரிவுதான் முதலில் நினைவுக்கு வரும். முக்கியச் சாட்சிகளை விசாரித்த பிறகு நிறுத்தினால் அது விடுதலைத் தீர்ப்பு, அதற்கு முன்பே நிறுத்தினால் வழக்கிலிருந்து விடுவித்ததற்குச் சமம். ரெண்டிலும் உங்கள் மேல் தண்டனை விழுவதில்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஆனால் இது உங்கள் உரிமை என்று சண்டை போட முடியாது, கோர்ட்டின் அதிகாரம் அது.

அரசே வாபஸ் வாங்குவது. பழையதில் 321, புதியதில் 360. அரசு வழக்கறிஞர்தான் மனு போடுவார், கோர்ட் அனுமதிக்க வேண்டும். அரசு இந்த வகை வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தால் உங்கள் எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஏ.பி.பி. (உதவி அரசு வழக்கறிஞர்) அலுவலகத்தில் பாருங்கள். பேப்பரில் செய்தி வந்ததும் வழக்கு போய்விட்டது என்று இருந்துவிடக் கூடாது, உங்கள் வழக்கில் தனியாக உத்தரவு வந்தால்தான் முடிந்தது.

விசாரணை நடத்தி விடுதலை. நிஜமாகவே நீங்கள் செய்யவில்லை என்றால், அல்லது போலீஸ் வேலைக்குப் படிக்கும் உங்கள் பிள்ளையின் பெயர்தான் வழக்கில் இருந்தால், கொஞ்சம் பொறுத்து இந்த வழியைப் பாருங்கள். பழைய மதுவிலக்கு வழக்குகளில் பிடித்த போலீஸ்காரர்கள் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போயிருப்பார்கள், சரக்கைக் கைப்பற்றியபோது கையெழுத்துப் போட்ட மகஜர் சாட்சி ஊரிலேயே இருக்க மாட்டார், பிடித்த சரக்கை ஆய்வகத்துக்கு அனுப்பிய அறிக்கை கோப்பில் இருக்காது. வழக்கு அவ்வளவு பலவீனமாக இருக்கும்போது நாமே போய்க் குற்றவாளி என்று எழுதிக் கொடுப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம். ஒரே நாளில் முடியும், செலவு குறைவு. ஆனால் பதிவேட்டில் அது தண்டனை. நிறையச் சமயம் அபராதத்தோடு "கோர்ட் கலையும் வரை" என்றும் ஒரு தண்டனை சேர்ப்பார்கள், சாயங்காலம் வரை கோர்ட்டில் உட்கார வைத்து அனுப்பிவிடுவார்கள், அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காகிதத்தில் அது சிறைத்தண்டனை. பிற்பாடு ஒரு விண்ணப்பத்தில் "எப்போதாவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா" என்று கேட்டால் ஆம் என்றுதான் எழுத வேண்டும். மறைத்தால் அது இன்னும் பெரிய சிக்கல், அரசு வேலையில் மறைத்ததற்காகவே நீக்கலாம். ஒருவர் மேல் இப்படி மூணு நாலு ஒப்புதல் சேர்ந்தால், நன்னடத்தைப் பிணை கேட்கவும் 1982ஆம் வருஷத்து குண்டர் தடுப்புச் சட்டத்தில் மதுக் குற்றவாளி என்று காட்டவும் அது போலீஸுக்கு ஆதாரமாகிவிடும். அறுபது வயது தாண்டிய, இனி எந்த விண்ணப்பமும் எழுதப் போகாத ஒரு பனைத் தொழிலாளிக்கு இந்த வழி சரியாக இருக்கலாம். இருபத்தெட்டு வயதுப் பையனுக்கு இது கடைசி வழி.

லோக் அதாலத் பற்றியும் இங்கேயே சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் அதிகம் இதில்தான். லோக் அதாலத் என்பது ரெண்டு தரப்பும் சமாதானமாகப் போகக்கூடிய வழக்குக்கு. மதுவிலக்கு வழக்கில் யாரோடு சமாதானம் ஆவது? அன்றைக்கு மாஜிஸ்திரேட் முன் சின்ன வழக்குகளை எடுத்து முடிக்கும்போது பெரும்பாலும் நடப்பது குற்ற ஒப்புதலும் அபராதமும்தான். "அதாலத்தில் சமரசமாக முடிந்தது" என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம், உத்தரவு நகலில் தண்டனை என்று இருக்கும். அன்றைக்குப் போகும் முன் "பிளீடிங் கில்டியா, 258ஆ?", அதாவது குற்ற ஒப்புதலா, நடவடிக்கையை நிறுத்துவதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ரொம்ப வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் வழக்கு தானாகச் செத்துப்போகாது. விரைவான விசாரணை அடிப்படை உரிமைதான், ஆனால் இத்தனை வருஷம் ஆனால் கட்டாயம் மூட வேண்டும் என்று ஒரு கெடு வைக்க முடியாது என்று பி. ராமச்சந்திர ராவ் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு 2002இல் சொல்லிவிட்டது. தாமதம் ஒரு நல்ல காரணம், அதோடு உங்கள் வழக்கின் தனி விவரங்களும் சேர வேண்டும். கீழ்க்கோர்ட்டில் வழி இல்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம், செலவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

## 6. மனுவை எழுதுவது

வக்கீல் வைக்க முடியாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ வட்ட சட்டப் பணிகள் குழுவையோ பாருங்கள், கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது, பெரும்பாலான மீனவக் குடும்பங்கள் அதற்குள் வந்துவிடும்.

மனு தமிழிலேயே இருக்கலாம். நீளமாக எழுதாதீர்கள். ஒரு பக்கம் போதும். இப்படி (இதில் "எதிரி" என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்):

"மேற்படி வழக்கில் எதிரியான நான் தாக்கல் செய்யும் மனு. இந்த வழக்கின் சம்பவம் 2013ஆம் ஆண்டு நடந்ததாகச் சொல்லப்படுகிறது. என்னிடமிருந்து நான்கு குவார்ட்டர் பாட்டில்கள் கைப்பற்றியதாக வழக்கு. குற்றப்பத்திரிகை தாக்கலாகி இதுநாள் வரை அரசுத் தரப்புச் சாட்சி எவரும் விசாரிக்கப்படவில்லை. என் மீது வேறு வழக்கு எதுவும் இல்லை. நான் மீன்பிடித் தொழில் செய்து குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறேன். எனவே கனம் கோர்ட்டார் அவர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 258இன் கீழ் நடவடிக்கைகளை நிறுத்தி என்னை விடுவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

இதில் உங்கள் உண்மை விவரத்தை மட்டும் போடுங்கள். "வேறு வழக்கு இல்லை" என்று எழுதிவிட்டு இன்னொரு ஸ்டேஷனில் ஒன்று இருந்தால் ஏ.பி.பி. அங்கேயே எழுந்து சொல்லிவிடுவார், அதற்குப் பிறகு மனுவில் உள்ள மற்ற வரிகளும் எடுபடாது. 1.7.2024க்கு முன்பே கோர்ட்டில் நிலுவையில் இருந்த வழக்கு என்றால் பழைய சட்டத்தின் எண்ணைப் போடுங்கள், அந்த வழக்குகள் பழைய நடைமுறைப்படியே தொடரும். புதிய எண்ணைப் போட்டு மனு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

## 7. வாய்தா அன்று

காலை பத்து மணிக்குள் வளாகத்தில் இருங்கள். பெயர் கூப்பிடும்போது டீக்கடையில் இருந்தால் மறுபடியும் வாரண்ட், மறுபடியும் மூணாவது படி.

கூண்டில் ஏறியதும் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி "குற்றம் செய்தீர்களா" என்று கேட்பார்கள். பதற்றத்தில் "ஆமாங்கய்யா" என்று தலையாட்டிவிடுபவர்கள் அதிகம். கேள்வி புரியவில்லை என்றால் "புரியலைங்கய்யா, வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 258 மனு போட்டிருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். ஏ.பி.பி.யின் பதிலுக்காக ஒரு வாய்தா தள்ளிப் போகலாம், அது இயல்பு.

அபராதம் கட்டுவதாக முடிவானால் பணத்தை கோர்ட்டில் கட்டி ரசீது வாங்குங்கள். நடுவில் யார் கையிலும் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் சரி.

## 8. உத்தரவின் சான்றிட்ட நகல்

முக்கால்வாசிப் பேர் இந்தப் படியைச் செய்யாமல் பஸ் ஏறிவிடுகிறார்கள். வழக்கு முடிந்த அன்றைக்கே நகல் மனு போடுங்கள், மூன்று பிரதி கேளுங்கள். ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று பாஸ்போர்ட்டுக்கு, ஒன்று வீட்டில். ரெண்டு வருஷம் கழித்து வந்து கேட்டால் கோப்பு ஆவண அறைக்குப் போயிருக்கும், தேடி எடுக்கவே நாளாகும்.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று நாலு விஷயம் சரிபாருங்கள்: உங்கள் பெயர், அப்பா பெயர், குற்ற எண், எந்தப் பிரிவில் முடிந்தது. அப்பா பெயர் தப்பாக இருந்தால் ஒரே பெயரில் ஊரில் பத்துப் பேர் இருக்கும் நம் பக்கத்தில் அந்தக் காகிதம் யாருக்கும் உதவாது. திருத்த மனு அப்போதே போட்டால் சுலபம்.

## 9. ஸ்டேஷன் பதிவை மாற்றுவதும் பாஸ்போர்ட்டும்

கோர்ட்டில் முடிந்தது ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்குத் தானாகப் போய்விடும் என்று எண்ண வேண்டாம். ஒரு நகலை எடுத்துக்கொண்டு போய், "மேற்படி குற்ற எண் வழக்கு முடிந்துவிட்டது, பதிவேட்டில் திருத்தம் செய்யவும்" என்று ஒரு கடிதத்தோடு கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் போலீஸ் சரிபார்ப்பில் "வழக்கு நிலுவை" என்றே திரும்பத் திரும்ப வரும்.

பாஸ்போர்ட் சட்டத்தில் தடையாக நிற்பது கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கு, பிரிவு 6(2)(எஃப்). ரெண்டு வருஷத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை கடந்த 5 ஆண்டுக்குள் விழுந்திருந்தால், அதுவும் ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு என்றால், அது இன்னொரு தடை. சின்ன அபராதம் இதில் வராது. பாஸ்போர்ட்டுக்காக மட்டும் அவசரப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு மாற்று வழியும் இருக்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அதே கோர்ட்டில் வெளிநாடு செல்ல அனுமதி மனு போடலாம், 25.8.1993 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கை அதற்கு இடம் தருகிறது. அனுமதி உத்தரவில் எவ்வளவு காலம் என்று எழுதியிருக்கிறதோ அந்தக் காலத்துக்குத்தான் பாஸ்போர்ட் கிடைக்கும், எழுதாவிட்டால் ஒரு வருஷம். ஆகவே காலத்தைக் குறிப்பிட்டே மனுவில் கேளுங்கள்.

## 10. மிச்சம் இருக்கும் வேலைகள்

ரொக்க ஜாமீன் கட்டியிருந்தால் அதைத் திரும்பக் கேட்டு ஒரு சிறு மனு. ரசீது தொலைந்திருந்தாலும் கோர்ட் கணக்கில் இருக்கும்.

டூவீலர் பறிமுதல் ஆகியிருந்தால் கவனம். வழக்கு முடிந்ததும் வண்டி தானாக வராது, ஏனென்றால் மதுவிலக்குச் சட்டத்தின் பிரிவு 14(4)இல் வண்டியைப் பறிமுதல் செய்வது அதிகாரி நடத்தும் தனி நடவடிக்கை. வண்டி கோர்ட் பொறுப்பில் இருக்கிறதா, அதிகாரி உத்தரவில் ஏற்கெனவே ஏலம் போய்விட்டதா என்று அமலாக்கப் பிரிவில் கேளுங்கள். கோர்ட் பொறுப்பில் இருந்தால் வழக்கு முடிக்கும் அதே மனுவோடு சொத்தைத் திருப்பித் தரவும் கேட்டுவிடலாம்.

வழக்கில் பெயர் உள்ளவர் இறந்துபோயிருந்தால் குடும்பத்தார் அபராதம் எதுவும் கட்டத் தேவையில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் யாருக்கும் உரிமையில்லை. அவர் மேல் உள்ள வழக்கு அத்தோடு அற்றுப்போகிறது. இறப்புச் சான்றிதழின் நகலை ஸ்டேஷனில் கொடுத்தால் அவர்கள் சரிபார்த்து கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்புவார்கள், இல்லையென்றால் நீங்களே கோர்ட்டில் ஒரு மெமோவாகக் கொடுக்கலாம். ஒரே வழக்கில் மூணு நாலு பேர் இருந்து ஒருவர் மட்டும் இறந்திருந்தால் மற்றவர்களின் வழக்கு தொடரும், அவர்கள் ரெண்டாவது படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.